உழுதவன் பெயர் எந்தக் கணக்கில்?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் மீஞ்சூரில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டைமாடியில் கூடுவது வழக்கம். கதை படிப்போம்; கவிதை படிப்போம்; தேநீர் ஆறும்வரை சண்டையும் போடுவோம். அந்த மாடியிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நிமிர்ந்தால் உயரழுத்த மின்கம்பிகள். குனிந்தால் நெல் வயல். வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று நீளும் இந்தப் பகுதியைத் தொழிற்பேட்டையாகவே வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். ஆலைகளுக்கும் லாரிகளுக்கும் இடையே சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் போகங்களின் பெயர்கள் இன்னும் இங்கே புழங்கிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் பேச்சு ஒரு சொல்லைச் சுற்றி நின்றுவிட்டது. நண்பர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையைப் படித்தார். அதில் வரும் மனிதரை 'விவசாயி' என்று எழுதியிருந்தார். அது அலுவலகச் சொல், 'உழவர்' என்றால்தான் உயிர் வரும் என்றார் ஒருவர். கரிசல் பக்கத்து 'சம்சாரி'யை எடுத்துக்காட்டினார் இன்னொருவர். இந்தப் பக்கத்தில் 'பயிர் வைக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள் என்றார் வீட்டுக்கார நண்பர். அவ்வேளையில் கீழ் வயலில் பயிர் வைத்திருக்கும் பெரியவர், மோட்டார் சாவியைத் தர மேலே வந்தார். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தோம். எங்கள் விவாதத்தைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது:

"நீங்க என்ன பேரு வேணா வைங்க தம்பி. கவர்மெண்டுல என் பேரு எதுலயுமே இல்ல. பட்டா மெட்ராசுல இருக்கிற ஐயா பேர்ல இருக்குது. அதனால அவருதான் விவசாயி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அவர் இறங்கிப் போன பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தங்கவில்லை. கதையை மூடிவைத்துவிட்டு அன்று மாலை முழுவதும் பேசியதன் தொகுப்பே இக்கட்டுரை. இலக்கியம் பேசுகிற இடத்தில் மானியத்துக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு சொல்லுக்கு யார் சொந்தக்காரர் என்கிற வழக்கு இது. ஆகவே இது எங்கள் வேலையும்தான் என்று நினைக்கிறோம்.

பெருந்தொற்றுக் காலத்து நிவாரணத்திலிருந்து தொடங்குவோம். 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மறுநாள், மார்ச் 26 அன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். அதில் உழவர்களுக்கென்று சொல்லப்பட்டது பி.எம். கிசான் திட்டத்தின் 2000 ரூபாய். ஏறத்தாழ 8.7 கோடிப் பேருக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே அது வங்கிக் கணக்கில் சேரும் என்றார்கள். பலருக்குச் சேர்ந்தது; மறுப்பதற்கில்லை. ஆனால் அது புதுப் பணமன்று. 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. நிலம் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான தவணை எப்படியும் வரவேண்டியதுதான். அதை முன்கூட்டித் தந்தார்கள். கடையை மூடும் நாளில் முதலாளி அடுத்த மாதச் சம்பளத்தை முதல் தேதியே கொடுத்தால் அது உதவிதான். அதற்குப் பெயர் நன்கொடை ஆகாது.

இந்தத் திட்டத்தின் அடிப்படைச் சொல் 'நில உடைமை'. முதலில் இரண்டு ஹெக்டேர்வரை நிலமுடையோர்க்கு என்றிருந்தது. 2019 ஜூனில் அந்த வரம்பும் நீக்கப்பட்டது. வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர் போன்ற சிலர் விலக்கப்பட்டார்கள். 2019 பிப்ரவரி 1ஆம் தேதியன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவரே பயனாளி. அதன்பின் நிலம் கைமாறினால், வாரிசுரிமை நீங்கலாக, புதியவருக்குத் தகுதியில்லை. இவ்வளவு நுணுக்கமான விதிகளில் 'இந்நிலத்தில் பயிர் செய்வது யார்?' என்னும் கேள்விக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

எங்கள் பெரியவருடைய 2020ஐ அவர் வாயாலேயே கேட்டோம். மூன்று ஏக்கர் குத்தகை. எழுத்து கிடையாது; வாய்ப்பேச்சுதான். ஆண்டுக்கு இத்தனை மூட்டை என்று கணக்கு. அந்த ஏப்ரலில் நவரை அறுப்புக்கு நின்றது. அறுவடை இயந்திரம் வரவில்லை. ஓட்டுநர்கள் வேறெங்கோ ஊரடங்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் தாமதத்தில் பயிர் சாய்ந்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகச் சிட்டாவும் அடங்கலும் கேட்டார்கள். சிட்டாவில் இருப்பது சென்னைக்காரர் பெயர். போக்குவரத்து இல்லாத நாளில் அவரைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவதெப்படி? களத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிட்டார். கால் ஏக்கரில் போட்டிருந்த கத்திரியும் வெண்டையும் கோயம்பேட்டை நம்பியவை. மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டுச் சந்தை திருமழிசைக்குப் போனது. ஒரு மூட்டை வெண்டைக்காகத் திருமழிசைவரை வண்டி வைத்தால் வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடும். செடியிலேயே முற்ற விட்டார்.

விதையும் உரமும் அவருடையவை, கடனும் வியர்வையும் அவருடையவை, நட்டமும் அவருடையதே. அதே மாதத்தில் 2000 ரூபாய் சென்னைக்காரரின் வங்கிக் கணக்கில் விழுந்தது. "அது வந்ததே எனக்குத் தெரியாது தம்பி. அவருக்கே தெரியுமோ என்னமோ" என்றார் பெரியவர். நிலக்காரரை அவர் குறை சொல்லவில்லை. அந்த ஆண்டு குத்தகையில் நான்கு மூட்டை தள்ளிக் கொடுத்தாராம். நாங்களும் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தை அவர் திருடவில்லை. சட்டப்படி அது அவருடையதுதான். ஒருவருக்கு நட்டம் நேர, அதற்கான நிவாரணம் சட்டப்படியே இன்னொருவரைத் தேடிப் போயிருக்கிறது என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

இனி மறுபக்கம். அதே 2020ஆம் ஆண்டு, ஆகஸ்ட் வாக்கில், வட தமிழகத்தில் ஒரு செய்தி வெடித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாத பல்லாயிரம் பேரின் பெயர்கள் பி.எம். கிசான் பட்டியலில் ஏறியிருந்தன. பயனாளி தாமே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்திருந்த காலம் அது. பதிவைச் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டிய அலுவலர்களின் கடவுச்சொற்கள் ஒப்பந்தப் பணியாளர்கள் கைக்கும், அங்கிருந்து கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் போயின. ஊரடங்கில் அலுவலகங்கள் பாதி மூடிக் கிடக்க, விரல் நுனியில் உழவர்கள் விளைந்தார்கள். 2020 செப்டம்பரில் அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி, ஏறத்தாழ 5.5 லட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டதாகவும் சுமார் 110 கோடி ரூபாய் அவர்களுக்குப் போயிருப்பதாகவும் தெரிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. 5.95 லட்சம் கணக்குகள் சரிபார்க்கப்பட்டதாகவும், 5.38 லட்சம் தகுதியற்றவை என்றும், 61 கோடி ரூபாய் மீட்கப்பட்டதாகவும், 52 பேர் கைதானதாகவும் மத்திய வேளாண் அமைச்சகம் பின்னர் கூறியது. 96 ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். 34 அலுவலர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது.

மறு ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கில் இந்தியா முழுவதும் தகுதியற்றோர் 42 லட்சம் பேர். போன தொகை 2,900 கோடி ரூபாய்க்கு மேல். அதில் அசாமுக்கு அடுத்து நின்றது தமிழகம், ஏழு லட்சத்துக்கும் அதிகமான பேரோடு.

'போலி விவசாயிகள்' என்று நாளிதழ்கள் தலைப்பிட்டன. அந்தச் சொற்றொடர் எங்களுக்கு அன்றே இடறியது. எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர் விழுப்புரம் மாவட்டத்துக்காரர். அவருடைய ஊரில் கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மாளின் கதையைச் சொன்னார். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். "கொரோனாவுக்கு மோடி பணம் தராராம், ஆதாரும் பாஸ்புக்கும் குடு" என்று தெருவுக்கு ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். அரசே மாதம் ஓர் அறிவிப்பு விட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஜன் தன் கணக்குள்ள பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய். அரிசி அட்டைக்கு மாநில அரசின் 1000 ரூபாய். இலவச அரிசி, பருப்பு. இவற்றிடையே இன்னொரு 2000 ரூபாயை அந்த அம்மாள் சந்தேகப்படக் காரணமே இல்லை. பணம் வந்தது. தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் அலுவலர்கள் வீடு தேடி வந்தார்கள். முழுத் தொகையையும் திருப்பிக் கட்டு என்றார்கள். வங்கிக் கணக்கை முடக்கியதில், அதே கணக்கில் வந்து விழுந்திருந்த நூறு நாள் வேலைக் கூலியும் சேர்ந்து முடங்கியது. தரகருக்குக் கொடுத்த பங்கைக் கடன் வாங்கி ஈடுகட்டிய பிறகுதான் கணக்கு திறந்ததாம்.

அந்த அம்மாள் ஐம்பது ஆண்டுகளாக நாற்றுப் பறிக்கிறார், நடுகிறார், களை எடுக்கிறார், கதிர் அறுக்கிறார். கூலிக்குத்தான், ஆனால் செய்தது உழவு. அரசு ஏட்டின்படி அவர் போலி விவசாயி. சென்னையில் இருந்துகொண்டு ஆண்டுக்கொரு முறை நிலத்தைப் பார்க்க வருகிறவர் உண்மையான விவசாயி. கணக்கெடுத்தவர்களிடம் இரண்டே பத்திகள்தான் இருந்தன: தகுதியுள்ளோர், தகுதியற்றோர். உழுகிறோர், உழாதோர் என்று மூன்றாவதாகவும் நான்காவதாகவும் இரு பத்திகள் போட்டிருந்தால் ஏடு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறோம்.

மோசடியை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. கடவுச்சொல்லை விற்றவர்களும், ஏழைகளின் ஆதார் நகலை வைத்துக் காசு பார்த்தவர்களும் தண்டனைக்குரியவர்கள். உழவோடு எந்தத் தொடர்பும் இல்லாத பலரும் அந்தப் பட்டியலில் நுழைந்தார்கள் என்பதும் உண்மை. எங்கள் வாதம் வேறு. அன்று நாம் கண்ட பிழை ஒன்று. காணாமல் விட்ட பிழை இன்னொன்று. நிலமில்லாதவர் பெயர் உள்ளே வந்தது முதற்பிழை. அதற்கு விசாரணை நடந்தது, கைது நடந்தது, தொகை மீண்டது. நிலத்தில் நிற்பவர் பெயர் வெளியே நின்றது இரண்டாம் பிழை. அதற்கு ஒரு கோப்பும் திறக்கப்படவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. வயலைப் பாராமல் ஏட்டை மட்டும் பார்த்து உழவரைக் கண்டுபிடிக்க முயன்றதன் விளைவு இது. ஏட்டைத் திருத்தத் தெரிந்தவர் உள்ளே வந்தார். மண்ணைத் திருத்த மட்டுமே தெரிந்தவர் வெளியே நின்றார்.

இது நம் ஊருக்கு மட்டும் வாய்த்த நகைச்சுவையும் அன்று. பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் சிறு தொழில்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கடன் தரப்பட்டது. உரிய வகையில் செலவழித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. 2021 மே மாதம் புரோபப்ளிகா என்னும் புலனாய்வு இதழ், இல்லாத பண்ணைகளின் பெயரால் நூற்றுக்கணக்கான கடன்கள் போனதைக் கண்டறிந்தது. நியூ ஜெர்சிக் கடற்கரை வீட்டு முகவரியில் மாட்டுப் பண்ணை; குளிர் மாநிலமான மின்னசோட்டாவில் ஆரஞ்சுத் தோப்பு. கணினிப் படிவத்தில் கட்டங்கள் நிரம்பியிருந்தன. கட்டங்களுக்கு அப்பால் யாரும் பார்க்கவில்லை. கோதுமை விளையும் தேசமாக இருந்தாலும் நெல் விளையும் தேசமாக இருந்தாலும், வயலைப் போய்ப் பார்க்காத அரசை ஏய்ப்பது எளிது.

இந்தப் பகுதிக்கு இந்தக் கதை பழையது என்பதையும் சொல்லவேண்டும். பொன்னேரி அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997இல்தான். பிரிட்டிஷ் ஆட்சியில் செங்கல்பட்டில் மிராசு உரிமை யாருக்கு என்பதைப் பற்றி எல்லீஸ் முதலானோர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தப் பக்கங்கள் நிலத்தின் பங்குதாரர்களைப் பற்றியவை. சேற்றில் நின்ற பறையர் முதலிய மக்களுக்குக் குடியிருக்கும் மனையின் மீதுகூட உரிமை இல்லை என்பதை ஆட்சியின் காதுக்குள் உரக்கச் சொன்னவர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், ஆண்டு 1891. அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த ஏற்பாடே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது. அந்நிலங்களிலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போன வரலாறு அனைவரும் அறிந்ததே. உழைப்பு ஓரிடத்திலும் ஏடு வேறிடத்திலும் இருப்பது இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படிந்துபோன வழக்கம். கணினி அதைக் கண்டுபிடிக்கவில்லை, வேகப்படுத்தியது, அவ்வளவே.

தொழிற்பேட்டை வந்த பிறகு இந்த இடைவெளி அகன்றது. நிலம் இங்கே விளைச்சலுக்காக மட்டும் வாங்கப்படுவதில்லை. நாளை விலை ஏறும் என்பதற்காகவும் வாங்கப்படுகிறது. விலை ஏறும்வரை சும்மா கிடப்பானேன் என்று யாருக்காவது வாய்மொழிக் குத்தகைக்கு விடுவார்கள். எழுதிக் கொடுத்தால் குத்தகைதாரர் உரிமை கோரிவிடுவாரோ என்ற அச்சத்தால் எழுத்து கிடையாது. இந்நிலத்தின் துன்பங்களும் பயிர் வைக்கிறவர் தலையிலேயே விடிகின்றன. 1960களின் இறுதியிலிருந்து சென்னைக்காக மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது. உப்புத் தண்ணீரில் நெல் கருகும்போது பட்டா கருகுவதில்லை.

குத்தகைதாரரைக் காண அரசுக்குக் கண்ணே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்று ஒரு சட்டம் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தைத் தொடர்ந்து 2007இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய விவசாயிகள் கொள்கை, 'விவசாயி' என்னும் சொல்லுக்குள் குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகள், மீனவர், கால்நடை வளர்ப்போர் எல்லோரையும் அடக்கியது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம் இன்னும் தெளிவு. நிலத்தை எடுக்கும்போது, அங்கே மூன்றாண்டுகளாகப் பிழைப்பு நடத்திய குத்தகைதாரரும் வாரதாரரும் விவசாயக் கூலியும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது அது. நடைமுறை எப்படி என்பது தனிக் கதை. வரையறை அங்கே இருக்கிறது. ஆலைக்காக வயலை எடுக்கும் நாளில் இந்தப் பெரியவரைச் சட்டம் காண்கிறது. வயலுக்கு 2000 ரூபாய் கொடுக்கும் நாளில் திட்டம் காணவில்லை. சிப்காட் எல்லைக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு இந்த முரண் ஏட்டளவிலான ஒன்றன்று.

'நிலப் பதிவு இருந்தும் இவ்வளவு மோசடி; பதிவே இல்லாத குத்தகைதாரரையும் கூலியையும் சேர்த்தால் கதி என்ன?' என்று நிர்வாகத்தில் இருப்போர் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் 2020இல் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், நிலப் பதிவு மோசடியைத் தடுக்கவில்லை. அதை யாரும் புரட்டிப் பார்க்கவே இல்லை. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. சாவி சந்தைக்குப் போய்விட்டது. மேலும், ஒரு சர்வே எண்ணில் யார் பயிர் வைத்திருக்கிறார் என்பது ஊருக்குள் இரகசியமன்று. தேநீர்க் கடையில் கேட்டால் சொல்வார்கள். ஊரே அறிந்த ஒன்றை ஊரிடம் கேட்காமல் கடவுச்சொல்லிடம் கேட்டதுதான் வினை.

நம் வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண் அடங்கல். எந்தப் போகத்தில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று பதிவதற்காகவே பிறந்த ஏடு அது. பட்டா உடைமையைச் சொல்கிறது; அடங்கல் சாகுபடியைச் சொல்கிறது. சாகுபடி செய்வோரின் உண்மைப் பெயரை அதில் அஞ்சாமல் எழுதவும், அதனால் நில உடைமைக்கு எந்த ஊறும் வராது என்று சட்டத்தாலேயே உறுதி தரவும் வழி செய்யலாம். நிதி ஆயோக் 2016இல் முன்வைத்த மாதிரி நிலக் குத்தகைச் சட்டத்தின் சாரமும் இதுவே: உடையவருக்கு உடைமைப் பாதுகாப்பு, பயிரிடுபவருக்குக் கடனும் காப்பீடும் நிவாரணமும். பிறகு அந்தப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கவேண்டும். கணினித் திரையில் ஐந்து லட்சம் பேரை ஓரிரு மாதத்தில் ஏற்றிவிடலாம். ஊர்க் கூட்டத்தில் வாசிக்கும்போது உழாதவர் பெயரை உழவர் என்று சொல்லிவிட்டு யாரும் நிமிர்ந்து நடக்கமுடியாது. கிராம சபையிலும் சாதியும் செல்வாக்கும் இருக்கின்றன என்பதை மறந்து இதைச் சொல்லவில்லை. அவை கண்ணுக்குத் தெரியும் எதிரிகள். எதிர்த்துக் கேள்வி கேட்க முடியும்.

பிற மாநிலங்கள் முயன்றும் இருக்கின்றன. 2018 டிசம்பரில் ஒடிசா அறிவித்த காலியா திட்டம் வாரதாரர்களையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. 2019இல் ஆந்திரம் கொண்டுவந்த ரைத்து பரோசாவில் ஒடுக்கப்பட்ட, பிற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த குத்தகைதாரர்களுக்கு இடம் இருந்தது. குறைகள் அவற்றிலும் உண்டு. ஒடிசாவிலும் தகுதியற்றோர் நுழைந்தார்கள். ஆனால் அங்கே குறை, கதவைத் திறந்த பிறகு வந்த குறை. பி.எம். கிசானில் கதவே சுவரில் வரைந்த ஓவியமாக இருந்தது.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 42 லட்சம். விவசாயக் கூலிகள் ஏறத்தாழ 96 லட்சம். உழவை நம்பி வாழ்வோரில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் 'உழவர் நிவாரணம்' என்ற சொல்லை நாம் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனில் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெற்றார்கள். நல்ல செயல். ஆனால் கடன் தள்ளுபடி, கடன் கிடைத்தவருக்குத்தான். எங்கள் பெரியவர் வாங்கியது உரக் கடையிலும் வட்டிக்காரரிடமும். அந்த ஏடுகளை எந்த அரசாணையும் தள்ளுபடி செய்வதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய மோசடியிலிருந்து அரசு ஒரு பாடம் படித்தது. 2022 முதல் பி.எம். கிசானுக்கு மின்னணு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. 2025இல் தமிழகத்தில் உழவர்களுக்குத் தனி அடையாள எண் வழங்கும் முகாம்கள் நடந்தன. ஆதாரையும் நிலப் பதிவையும் இணைத்துத் தரப்படும் எண் அது. இனிமேல் உதவிகள் பலவும் இந்த எண் வழியாகவே வரப்போகின்றன. போலிகள் நுழைய முடியாதபடி பூட்டு வலுப்பட்டிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நிலத்தோடு கட்டிய எண் நிலக்காரரைத்தான் தேடிப் போகும். முதற்பிழையைத் திருத்துகிற அவசரத்தில் இரண்டாம் பிழையைக் கல்லில் வெட்டுகிறோமோ என்று அஞ்சுகிறோம். அடுத்த தொற்றோ வெள்ளமோ வரும் நாளில், 'பதிவில் உள்ள உழவர் அனைவருக்கும் தந்துவிட்டோம்' என்று அரசு மனச்சான்றோடு சொல்லும். பெரியவர் மறுபடியும் சிரிப்பார்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மிஞ்சாததைப் பற்றிய வருத்தமாகவே இதுவரை அதைக் கேட்டு வந்திருக்கிறோம். இப்போது கணக்கிலேயே உழுதவன் இல்லை என்னும் நிலைக்கு வந்திருக்கிறோம். உழவுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கிய நூலைப் பள்ளிதோறும் ஓதுகிற சமூகம், 'உழவர் யார்?' என்ற கேள்வியை வட்டாட்சியர் அலுவலக அலமாரிக்கு விட்டுவிடலாகாது. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் அதில் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது.

சிறுகதை எழுதிய நண்பர் சென்ற வாரம் திருத்திய படியை அனுப்பியிருந்தார். 'விவசாயி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பயிர் வைக்கிறவர்' என்று எழுதியிருக்கிறார். நல்ல திருத்தம் என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஏட்டிலும் அந்தத் திருத்தம் நடக்கவேண்டும். கீழ் வயலில் நவரை நட்டாகிவிட்டது என்று வீட்டுக்கார நண்பர் சொன்னார். குத்தகைப் பேச்சு இந்த ஆண்டும் வாய்மொழியில்தானாம்.